நூறு வீட்டுத் துணி

"இதை யார் உடுத்தினது?" என்று யுமெய் கேட்டாள்.

என் தையல் கடையின் வெட்டு மேசை முழுவதும் துணி. பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ, மயில்கழுத்து என்று ஐம்பத்திரண்டு துண்டுகள். எல்லாம் புத்தம் புதியவை. சிலவற்றில் கடைச் சீட்டு இன்னும் தொங்கியது. இரண்டு மூன்றின் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. யுமெய் நெஞ்சோடு கட்டியிருந்த குழந்தையின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு பச்சைத் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாள்.

"ஒருத்தரும் உடுத்தேல்லை" என்றேன் பெருமையாக. "எல்லாம் புதுசு."

அவள் இன்னொரு துண்டை எடுத்தாள். அதையும் தடவினாள். மூக்கருகே கொண்டுபோய் மணந்தாள். பிறகு மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"அழகாக இருக்கிறது" என்றாள்.

மூன்று வருடப் பழக்கத்தில் யுமெய்யைப் பற்றி ஒன்று தெரிந்து வைத்திருந்தேன். அவளுக்குப் பயன்படுகிற பொருளை அவள் அழகு என்று சொல்லமாட்டாள். பேசாமல் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

இலண்டன் ரெய்னர்ஸ் லேனில் நான் கடை எடுத்த கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, நோர்பரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இவ்வளவு கெட்டிக்காரி என்று எழுதுகிறீர்களே, ஒரு வேலையாவது பிழையாகிப் போனதில்லையா?" தங்கச்சி, தையலில் பிழைத்தது குறைவு. வாய் திறந்து கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதில் ஒருமுறை பிழைத்தது. இந்த வாரம் அதைச் சொல்கிறேன்.

குப்பைப் பை திருடி

யுமெய் முதன்முதலில் என் கண்ணில் பட்டது கடையின் பின்கதவில். சாரிச் சட்டை வெட்டி மிஞ்சிய ஓரங்கள், குட்டையாக்கிய காற்சட்டைகளின் கால்கள், கழற்றிய பழைய லைனிங் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கறுப்புப் பையில் கட்டி வெளியில் வைப்பேன். அன்றைக்குக் கதவைத் திறந்தால், ஒரு சீனத்துப் பெண் என் பையை அவிழ்த்து, நிலத்தில் குந்தியிருந்து துண்டுகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் எறிவதா? எறிவதென்றால் நான் எடுக்கலாமா?" என்றாள்.

நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலம். அவளுடையதில் சீனம் மணக்கும், என்னுடையதில் யாழ்ப்பாணம் மணக்கும். இரண்டையும் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

"குப்பையை எடுக்கிறதுக்கு ஏன் பிள்ளை கேட்டுக்கொண்டு நிக்கிறாய்? உள்ள வா, தேத்தண்ணி குடி" என்றேன். அப்படித் தொடங்கியது.

அவளுக்கு வால்தம்ஸ்டோவில் நாலு பேரோடு பங்கு போட்ட ஒரு வேலைக்கூடம். மற்றவர்கள் எறிந்ததிலிருந்து பொருள் செய்வதுதான் தொழில். நம் தமிழ்க் கடைகளில் அரிசி முடிந்த சாக்குகளைக் கேட்டு வாங்கித் தோள்பை தைத்தாள். அந்தப் பையை ஒரு வெள்ளைக்காரி மாட்டிக்கொண்டு ரயிலில் எனக்கு முன்னால் இருந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. நம் வீட்டில் அந்தச் சாக்கு வாசலில் கால் துடைக்கக் கிடக்கும்.

விக்டோரியா லைன் ரயிலில் ஏறி, பிக்கடில்லி லைனுக்கு மாறி, வாரம் இரண்டு முறை வருவாள். வந்தால் கதை. அவள் ஊரில் கந்தல் துணிகளை மாவுப் பசை பூசி ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகையில் ஒட்டி வெயிலில் காயவைப்பார்களாம். காய்ந்ததும் அட்டைபோல உரிந்து வரும். அதைப் பாத அளவில் வெட்டி, பல அடுக்காக வைத்துத் தடித்த நூலால் குத்தித் தைத்தால் சப்பாத்தின் அடி ரெடி. எனக்குக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க ஏலாதே. மைதாப் பசை காய்ச்சி, துணி ஒட்டி, வீட்டு ஹீட்டரின்மேல் காயவைத்தேன். என் கணவர் தேவன் பஸ் ஓட்டுபவர். ஷிப்ட் முடிந்து பசியோடு வந்தவர், அதை ரொட்டி என்று நினைத்து ஒரு மூலையைப் பிய்த்துப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் யுமெய்யின் பெயரைச் சொல்லாமல் "உன்ர ரொட்டிக்காரி" என்பார்.

இடிந்த வீடுகளின் ஓடும் செங்கல்லும் கலந்து கட்டிய பெரிய சுவர்களின் படங்களைப் போனில் காட்டுவாள். உடைந்த பீங்கான் கோப்பையில் சின்னஞ்சிறு உலோகக் கொக்கிகள் அடித்து ஒட்டித் திரும்பத் தேநீர் குடிப்பதைக் காட்டுவாள்.

"எங்கட வீட்டில கோப்பை விளிம்பு உடைஞ்சாலே குப்பைக்குத்தான். வைச்சிருந்தால் தரித்திரம்" என்பேன்.

"எங்கள் வீட்டில் எறிந்தால்தான் தரித்திரம்" என்பாள்.

இந்தச் சண்டை எங்களுக்குள் முடிந்ததே இல்லை.

பதினொரு வீடு

யுமெய்க்கு முதலில் இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது, எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. பெண் குழந்தை. இரண்டு கை நிறைய இருந்தாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் புட்டும் கோழிக்குழம்பும் கட்டிக்கொண்டு போனேன். யுமெய் சாப்பிட்டபடியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோகா, நான் இவளுக்கு நூறு வீட்டு உடுப்புத் தைக்க வேண்டும்" என்றாள்.

நூறு வீடுகளில் பழைய துணி கேட்டு வாங்கி, துண்டு துண்டாக இணைத்துத் தைக்கும் சிறு மேலுடுப்பு. பிள்ளை பிறந்து நூறாம் நாள் போடுவது. தங்காத பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குக் கட்டாயம் போட வேண்டும் என்பது அவள் வீட்டு வழக்கம். அவளுக்கே அவளுடைய தாய் தைத்துப் போட்டதாம். தாய்க்கு உடம்பு முடியவில்லை, வர வழியில்லை. கணவர் வேலையால் வந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியால் போய் வேலை.

"எண்ணிப் பார்த்தேன். உன் வீட்டைத் தவிர, இந்த இலண்டனில் எனக்குத் தெரிந்த வீடு பதினொன்று" என்றாள்.

படித்த பிள்ளை, நாலு ஊர் கண்காட்சிக்குப் போய் வந்தவள், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்து விரல்விட்டு வீடு எண்ணியிருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை.

"நூறு வீடு ஒரு வேலையே? எங்கட ஆக்களிட்ட நான் ஒரு சொல் சொன்னால் காணும். நீ பிள்ளையைப் பார். துணி என்ர பொறுப்பு" என்றேன்.

"பழைய துணி, யோகா" என்றாள். "உடுத்தது."

"ஓம் ஓம், விளங்குது."

மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் ஓம் சொன்னேன். அன்றிரவு வாட்ஸப்பில், கடைக்கு வருகிற பெண்களின் குழுவில் எழுதினேன்: "ஒரு சின்னப் பிள்ளைக்கு உடுப்புத் தைக்க, வீட்டுக்கு ஒரு துண்டுப் பழைய துணி வேணும்." எழுதியதைத் திரும்ப வாசித்தேன். "பழைய" என்றதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

கொழுவியில் விட்ட கோட்டு

ஏன் அழித்தேன் என்று சொல்ல, இந்த நகரத்தில் என் முதல் குளிர்காலத்துக்குப் போகவேண்டும்.

அகதியாக வந்தவர்களுக்கு ஒரு தேவாலய மண்டபத்தில் மூட்டை மூட்டையாக உடுப்புக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு அரக்கு நிறக் கோட்டுக் கிடைத்தது. பெரிய பொத்தான்கள், உள்ளே வழுவழுப்பான லைனிங். அவ்வளவு சூடான உடுப்பை அதற்கு முன் நான் போட்டதேயில்லை. வீட்டுக்குள்ளும் அதோடுதான் இருந்தேன்.

ஒரு தமிழ்ப் பள்ளி விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் மிஸிஸ் நடராஜா நின்றார். டொக்டரின் மனைவி, எங்களுக்கெல்லாம் பல வருடம் முன்பே வந்தவர். என் கையைப் பிடித்து, கோட்டின் கையைத் தடவி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "உது என்ர கோட்டெல்லே? மூட்டையில போட்டனான். உனக்கு அளவா வடிவா இருக்குப் பிள்ளை."

சுற்றி ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் என்னைக் கழுத்திலிருந்து சப்பாத்து வரை ஒருமுறை பார்த்தார்கள்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? கோட்டைக் கழற்றி மண்டபத்துக் கொழுவியில் மாட்டிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் வெளியே வந்தேன். பனி கொட்டியது. பஸ் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நின்ற நிலையில் சபதம் போட்டேன்: இனி ஒருவரின் பழசு என் உடம்பில் ஏறாது. என் வீட்டில் பழசு என்று ஒன்று தங்காது.

சபதம் என்றால் எனக்குச் சபதம்தான். ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் வீட்டைத் துடைத்து எறிவேன். சாயம் போன துவாய், நூல் பிரிந்த படுக்கை விரிப்பு, தேவன் இடுப்பில் கட்டுகிற சாரம் எல்லாம் போய்விடும். "இந்த வீட்டில பழசா மிஞ்சினது நான் ஒருத்தன்தான்" என்று அவர் வருகிறவர்களிடம் சொல்லுவார்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். நான் கசக்கவும் இல்லை, கட்டவும் இல்லை, எறிந்தேன். ஊருக்கெல்லாம் பழசைத் தைத்துக் கொடுத்துச் சம்பாதித்தவள், என் வீட்டில் ஒரு ஒட்டுப்போட்ட துணி வைத்திருக்கவில்லை.

மிஸிஸ் நடராஜா பிறகு என் கடைக்கு வாடிக்கையாக வரத் தொடங்கினார். அவருடைய சட்டைகளை மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு கவனமாகத் தைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உள்ளே வா என்பார். வாசலோடு திரும்புவேன். ஒருநாள்கூட அவர் வீட்டுத் தேத்தண்ணி குடிக்கவில்லை.

இப்படிப்பட்டவள் நம்மாட்களிடம் போய்ப் பழசு கேட்பதா? கேட்டால், யோகாவின் கடை படுத்துவிட்டதாம் என்ற செய்தி மறுநாள் குரோய்டன் வரை போயிருக்கும்.

கேட்காததன் பலன்தான் அந்த ஐம்பத்திரண்டு துண்டுகள். துணி என்று கேட்டால், ஊரார் பிள்ளைக்கு நம்மவர் பழசு கொடுப்பார்களா? பெற்ற பிள்ளையைத் துவைத்த பழஞ்சாரத்தில் சுற்றுவோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கடையில் வாங்கியதுதான் கொடுப்போம். அதுதான் மரியாதை. ஆகவே அலுமாரிகளில் கிடந்த சாரிச் சட்டைத் துணிகள் எல்லாம் கிளம்பி வந்தன. நவராத்திரிக்கும் வரலட்சுமிப் பூசைக்கும் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, ஒருவரும் தைக்காமலே வீடு வீடாகச் சுற்றுகிற துணிகள் அவை. யுமெய் முதலில் தடவிப் பார்த்த பச்சைத் துண்டு, மூன்று வருடத்துக்கு முன் நானே ஒருவருக்குக் கொடுத்தது.

"இவளும் இருப்பாள்"

மேசைக்கு முன்னால் நின்றபடி யுமெய் மெல்லத்தான் சொன்னாள்.

"இது கடையின் துணி, யோகா. எனக்கு வேண்டியது வீட்டின் துணி. ஒருவர் உடுத்து, அதில் சாப்பாடு கொட்டி, துவைத்து, திரும்ப உடுத்து, அத்தனை நாளும் அவருக்கு ஒன்றும் ஆகாமல் இருந்த துணி. அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் உடுத்ததை உடுத்தால், இவளும் இருப்பாள்."

குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நூறாம் நாளுக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது.

"கேட்டிருந்தால் எங்கட ஆக்கள் பழசு தந்திருப்பினம். நான்தான் பழசு எண்டு கேக்கேல்லை" என்றேன்.

"ஏன்?"

"வெக்கம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "பரவாயில்லை. பதினொரு வீட்டுத் துணியில் தைக்கிறேன். சின்னப் பிள்ளைதானே" என்றாள்.

அதுதான் எனக்கு உறைத்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அவள் எண்ணி வைத்த பதினொரு வீட்டோடு திரும்பிப் போகத் தயாராக நின்றாள்.

குப்புசாமியின் மகள்

முதல் ஆளாக டாக்டர் சுமதியிடம் கேட்டேன். மதுரைக்காரர், ஹாரோவில் வீடு, சாரிக்கு ஃபால்ஸ் அடிக்க வந்திருந்தார். அவரை முதலில் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அவர் யாழ்ப்பாணம் இல்லை. வெட்கப்பட்டாலும் செய்தி வெளியே போகாது.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சாரியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க அப்பா பேரு குப்புசாமி. ஏன்னு தெரியுமா?" என்றார். "அவருக்கு முன்னாடி மூணு புள்ளைங்க தங்கல. இவர் பொறந்ததும் குப்பைமேட்டுல உருட்டி எடுத்து, தவிட்டுக்கு வாங்கின புள்ளைன்னு சொல்லி, அந்தப் பேரை வச்சாங்க. குப்பைன்னா எமன்கூட எடுக்க மாட்டானாம். இப்ப எண்பத்திரண்டு வயசு. சைக்கிள் ஓட்டுறார்."

"எங்கட பக்கமும் கோயிலில பிள்ளையை வித்து வாங்கிறவை" என்றேன்.

"போன தடவை வந்தப்ப அப்பா ஒரு துண்டை விட்டுட்டுப் போயிட்டார். நைஞ்சுபோனது. நாளைக்கே கொண்டு வர்றேன்."

யுமெய்யிடம் இதைச் சொன்னபோது பிள்ளை பிறந்த பிறகு அவள் முதன்முறையாகச் சிரித்தாள். அவளுடைய மாமாவை வீட்டில் கூப்பிடும் பெயர், நாய் தின்றுவிட்டு மிச்சம் வைத்தது என்று அர்த்தப்படுமாம். "நாய் மிச்சமும் குப்பைச் சாமியும் ஒரே உடுப்பில்" என்றாள்.

அன்றைக்கே வாட்ஸப்பில் குரல் செய்தி போட்டேன். எழுதினால் திரும்ப அழித்துவிடுவேன் என்ற பயம்.

"யோகா கதைக்கிறன். நான் முதல் கேட்டது பிழை. தந்த புதுத் துணியைத் திருப்பித் தாறன். எனக்குப் பழசு வேணும். கிழிஞ்சது, கறை பட்டது, உடுத்துத் தேய்ஞ்சது. வெக்கப்படாமல் தாங்கோ. நானும் வெக்கப்படாமல்தான் கேக்கிறன்."

கடைசி வசனம் பொய். போனைக் கீழே வைத்தபோது என் காதெல்லாம் சுட்டது.

மறுநாள் காலை கதவு திறக்கமுன் நாலு பேர் நின்றார்கள். சாரம், சாரம், சாரம். தங்கள் கணவன்மார் எறிய விடாமல் கட்டிக்கொண்டு திரிந்த பழஞ்சாரங்களை ஒழிக்க இதைவிட நல்ல சாட்டு அந்தப் பெண்களுக்குக் கிடைத்திருக்காது. ஒரு கணவர் மத்தியானம் கடைக்கே வந்து, "அக்கா, பாதியையாவது திருப்பித் தாங்கோ, வேற ஒண்டிலயும் எனக்கு நித்திரை வராது" என்று கேட்டுப் பாதியை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு வேறு துணிகளும் வரத் தொடங்கின. ஒருவர் பெற்றோல் ஸ்டேஷன் யூனிபோமின் சட்டைப் பையைக் கொண்டு வந்தார். பெயர்ப் பட்டி குத்திய ஓட்டைகள் அதில் அப்படியே இருந்தன. ஒரு பெண், கீமோவுக்குப் போகும்போதெல்லாம் போட்ட பருத்திச் சட்டையைத் தந்தார். "இதைப் போட்டுக்கொண்டு போய்த்தான் தப்பினனான் அக்கா" என்றார். இன்னொருவர் வன்னியிலிருந்து வெளிக்கிட்ட அன்று உடுத்திருந்த பாவாடையின் கரையைத் தானே வெட்டி, கடித உறையில் போட்டுக் கொண்டுவந்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் எறிந்திருக்கிறேன்.

எழுபத்தெட்டு வீடு சேர்ந்தது. அவளுடைய பதினொன்று தனி. "நூறு என்றால் நிறைய என்று அர்த்தம், போதும்" என்று யுமெய் தைக்க உட்கார்ந்தாள்.

கழுத்துப் பட்டி

"கழுத்துக்கு மட்டும் ஒரு துணி வேண்டும்" என்றாள் ஒருநாள். "உனக்குத் தெரிந்தவர்களில் மிக வயதானவர், நல்ல சுகத்தோடு இருப்பவர் யார்? அவர் வீட்டுத் துணி."

யோசிக்கத் தேவையில்லை. தொண்ணூறு வயது, பொல்லு ஊன்றாமல் கடைக்கு நடந்து போகிற ஒரே ஆள் மிஸிஸ் நடராஜா. அவர் வாட்ஸப்பில் இல்லை. வீட்டுக்குப் போய் நேரே கேட்கவேண்டும்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் அவருடைய வாசலில் மணியை அடித்தபோது, முதல் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் மூச்சுவிட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

"அன்ரி, உங்கட பழஞ்சேலை ஒண்டில ஒரு துண்டு வேணும்."

விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக் கேட்டார். உள்ளே போனார். கையில் மினுங்கும் தாள் சுற்றிய ஒரு புதுச் சட்டைத் துணியோடு வந்தார்.

"இல்லை அன்ரி. பழசு."

"உனக்கு நான் பழசு தரமாட்டன் பிள்ளை" என்றார். "ஒருக்காத் தந்து பட்டது காணும்."

மறந்திருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அண்டைக்கு நீ கோட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டுப் போனனீ. நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால ஓடி வந்தனான். நீ பஸ் ஏறிட்டாய். அந்தப் பனிக்குள்ள ஒரு மெல்லிய சட்டையோட." அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "சந்தோசத்தில சொன்னனான். சொல்லி முடிய முன்னமே உன்ர முகத்தைப் பாத்திட்டன். அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் பழசு குடுக்கிறேல்லை. எல்லாத்தையும் வெட்டித் துடைக்கிற துணியாக்கிப்போடுவன்."

நான் வாசலிலேயே அழுதுவிட்டேன். கடையில் ஊசி விரலில் ஏறியும் அழாதவள். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். முதன்முறையாக அந்த வீட்டுக் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி வந்தது. சீனி கூட. குடித்தேன்.

"அப்ப நீங்களாத் தந்தது அன்ரி. இப்ப நானாக் கேக்கிறன்" என்றேன்.

அவர் எழுந்துபோய் ஒரு நூல் சேலையைக் கொண்டு வந்தார். நீலமும் சாம்பலும் கலந்த நிறம். துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தால் இருப்பதே தெரியாத அளவு மென்மை. "இது ஒண்டுதான் மிச்சம். வீட்டில உடுத்திறது" என்றார். முந்தானையிலிருந்து ஒரு சாண் அளந்து நானே வெட்டினேன்.

மிச்சத்தை மடித்துக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "உன்ர வீட்டிலயிருந்து என்ன குடுத்தனீ?"

"ஒண்டும் இல்லை."

"ஏன்?"

"என்ர வீட்டில பழசே இல்லை அன்ரி. எல்லாம் எறிஞ்சுபோட்டன்."

அவர் சிரிக்கவில்லை. சேலையைத் திரும்ப என் மடியில் வைத்தார். "அப்ப இதைக் கொண்டு போ. உடுத்து, தோய்ச்சு, உன்ர வீட்டுச் சேலையாக்கு. பிறகு உன்ர துண்டை வெட்டிக் குடு. இன்னும் நாள் இருக்கெல்லே?"

பதினாறு நாள் இருந்தது.

கடை திறந்த காலை

என் வீட்டுத் துண்டும் சேர்ந்து உடுப்பு நேரத்துக்கு முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூறாம் நாள் அதைப் போட்டவுடன் பிள்ளை கழுத்துப் பட்டியைச் சப்பி, குப்புசாமி ஐயாவின் துண்டில் பால் கக்கினாள். யுமெய் அதைத் துடைக்கக்கூட இல்லை. இப்போது அந்தப் பிள்ளை நடக்கிறாள். என் கடைக்கு வந்தால் ஊசிப் பெட்டியை உயரத்தில் தூக்கி வைக்கவேண்டியிருக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாக நிற்பது, சேலை கொண்டு வந்ததற்கு மறுநாள் காலை.

கடைக்கு நான் எப்போதும் தேய்த்து மடிப்புக் கலையாத உடுப்போடுதான் போவேன். அன்றைக்கு அந்தச் சேலையை உடுத்தினேன். முந்தானை ஒரு சாண் குட்டை. கண்ணாடிக்கு முன்னால் நிற்கக் கால் கொஞ்சம் கூசியது. பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தேவன் வாசலில் நின்று ஒருமுறை பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனார். அவருக்குச் சில நேரங்களில் அறிவு நன்றாக வேலை செய்யும்.

ஒன்பதரைக்குச் சனம் வரத் தொடங்கியது. சட்டை எடுக்க வந்தவர்கள், கால் குட்டையாக்க வந்தவர்கள் என்று ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி, வாய் சும்மா இருக்காதவள், மேசைக்கு இந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன யோகாக்கா, இண்டைக்குப் பழஞ்சேலையோட?"

எல்லோரும் திரும்பினார்கள். கழுத்திலிருந்து கால்வரை பார்த்தார்கள். நான் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"ஓம், பழசுதான்" என்றேன். "நடராஜா அன்ரி உடுத்தினது. நான் கேட்டனான், எனக்குத் தந்தவ."